மூலையில் நிற்கும் பழைய தையல் மெஷினை ஓட வைக்க

தலையில் பூந்தொட்டியைச் சுமந்துகொண்டு கூடத்து மூலையில் நிற்கும் பழைய கறுப்புத் தையல் மெஷின்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. எண்ணெய் காய்ந்து இறுகிப்போனவை, அவ்வளவுதான். உடம்பு வார்ப்பிரும்பு, உள்ளே ஓடுவதெல்லாம் எஃகு. ரப்பர், தோல் பெல்ட், ஒயர் உறை, அங்கங்கே இருக்கும் கம்பளித் துண்டு இவைதான் வயதாகி உதிர்பவை. இவை எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். துடைத்து மெருகேற்றி வருடக்கணக்கில் நிறுத்தி வைத்த மெஷினைவிட, தூசியோடு வாரம் ஒருமுறை தைத்துக்கொண்டிருந்த மெஷின் எப்போதும் நல்ல நிலையில்தான் இருக்கும்.

எண்ணெய்க் குப்பியை எடுப்பதற்கு முன் ஊசியைப் பாருங்கள். அந்த மெஷினுக்கான ஊசி இன்றும் கிடைக்கிறதா என்பதுதான் அதை ஓட்டுவதா, காட்சிக்கே விட்டுவிடுவதா என்பதை முடிவு செய்யும். சிங்கர் மாடல்களான 15, 66, 99, 201, 221, நீள ஷட்டில் (அடிநூலைச் சுமந்து ஓடும் படகு வடிவப் பாகம்) வைத்த 27, 28, 127, 128 எல்லாமே 15×1 என்ற ஊசியைத்தான் எடுக்கும். தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் சாதாரண வீட்டு மெஷின் ஊசி அது. பாக்கெட்டில் 130/705 ஹெச் என்று போட்டிருந்தாலும் அதே அளவுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 15-ஐப் பார்த்து ஜப்பானில் செய்து குவித்த மெஷின்களுக்கும் இதுவே பொருந்தும். ஆனால் சிங்கர் 12 போன்ற இன்னும் பழைய மாடலுக்கு உருண்டைத் தண்டுள்ள 12×1 ஊசி வேண்டும். அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும். முதல் மெஷினாக அதை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

அடுத்தது பாபின், அதாவது அடிநூலைச் சுற்றிவைக்கும் சிறு உருளை. 15-க்கான பாபினின் இரு பக்கமும் சமதளமாக இருக்கும். 66, 99, 201-க்கான பாபின் பக்கங்கள் லேசாக உப்பியிருக்கும். கையில் பிடித்தால் இரண்டும் ஒன்று போலவே தோன்றும், மாற்றிப் போட்டால் தையல் ஒருநாளும் சரியாக வராது. மேசைமீது படுக்கவைத்து விளிம்போரமாகப் பார்த்தால் தெரிந்துவிடும். 221-க்குத் தனி பாபின். நீள ஷட்டில் மெஷின்களில் பாபின் சிறு குச்சி போல நீளமாக இருக்கும். அதில் ஷட்டில் தொலைந்திருந்தால் அதுதான் முதல் செலவு.

மாடல் தெரியவில்லை என்றால் அதைத் தேட அடித்தளத் தகட்டில் பொறித்த எண்ணைப் படியுங்கள். சிங்கரில் 'இஏ' (EA), 'இபி' (EB) என்று 'E'-யில் தொடங்கும் இரட்டை ஆங்கில எழுத்து இருந்தால் அது ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க் ஆலையில் செய்தது. 'ஏஏ' (AA), 'ஏபி' (AB) என்று வந்தால் அமெரிக்காவின் எலிசபெத் ஆலை. கிளைட்பாங்க் ஆலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது, ஆனாலும் அங்கிருந்து வந்த மெஷினுக்கு ஊசியும் பாபினும் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன.

சக்கரம் அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். இறுக்கம் எங்கே என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய குமிழைத் தளர்த்திவிட்டுச் சுற்றிப் பாருங்கள். அப்போது சக்கரம் மட்டும் தனியாகச் சுழன்றால் பிடிப்பு மெஷினுக்குள்ளே. சக்கரமே நகராவிட்டால் அதன் நடுத்துளையில்தான் எண்ணெய் காய்ந்திருக்கிறது. உள்ளே என்று தெரிந்தால் பாபின் பகுதியைத் திறந்து பாபின் உட்காரும் கேஸையும், கழன்று வரும் மாடலானால் மேல்நூலைப் பிடிக்கும் கொக்கியையும் வெளியே எடுங்கள். பாதி நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும். கொக்கிக்குப் பின்னால் இரண்டு அங்குல நூல் சுற்றி, பல காலப் பஞ்சோடு சேர்ந்து கயிறு போல இறுகியிருக்கும். ஊசிமுனையாலும் சாமணத்தாலும் அதை எடுத்தால், 'துருப்பிடித்துப் போச்சு' என்று கைவிடப்பட்ட சக்கரம் ஒரு விரலுக்குச் சுழலும்.

நூல் இல்லை, உண்மையிலேயே எண்ணெய்தான் இறுகியிருக்கிறது என்றால் பொறுமைதான் மருந்து. இடதுபக்க முகத்தகட்டைக் கழற்றுங்கள். பின்புறம் வட்ட மூடி இருந்தால் அதையும் கழற்றுங்கள். மெஷினைப் பின்னால் சாய்த்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். உலோகத்தின் மேல் உலோகம் உரசும் ஒவ்வொரு இடத்திலும் தேன் நிறத்தில் ஒரு படலம் தெரியும். நகத்தால் சுரண்டினால் அரக்கு போல வரும். அங்கெல்லாம் சில சொட்டு மண்ணெண்ணெயோ துருவுக்குள் இறங்கும் எண்ணெயோ விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் சில மில்லிமீட்டர் மட்டும் ஆட்டுங்கள். மறுபடி சொட்டு, மறுபடி இரவு. தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரால் அந்த இடத்தைச் சூடாக்கினால் படலம் சீக்கிரம் இளகும். ஆனால் மண்ணெண்ணெய் விட்ட நாளில் சூடு காட்டக் கூடாது. மோட்டார் வைத்த மெஷின் என்றால் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மண்ணெண்ணெயைத் தொட வேண்டும். ஒரு வாரம் ஆகலாம், ஆகட்டும். சக்கரத்தைக் குறடால் பிடித்துத் திருகியவர்கள் உள்ளே எதையாவது வளைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

மண்ணெண்ணெய் கழுவத்தான், ஓட்ட அல்ல. சக்கரம் சுழலத் தொடங்கியதும் கறுப்பாக வடிவதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும். நிறமில்லாத, மெல்லிய எண்ணெய் அது. சமையல் எண்ணெய் எதையும் விடாதீர்கள். இப்போது நீங்கள் சுரண்டிக்கொண்டிருக்கும் அரக்கில் பாதி, யாரோ ஒருகாலத்தில் அவசரத்துக்கு ஊற்றிய சமையல் எண்ணெய்தான். ஒரு துளைக்கு ஒரு சொட்டு போதும். எண்ணெய் விட்டு இரண்டு நிமிடம் சக்கரத்தைச் சுற்றி, வழிவதைத் துடைத்து, மறுநாள் இன்னொரு முறை விடுங்கள். முதல் எண்ணெய் பழைய அழுக்கைத்தான் கரைத்துக்கொண்டு வெளியே வரும்.

மேல்பூச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கறுப்புப் பூச்சின் மேல் தங்கப் பூக்களை ஒட்டி, அதற்கு மேல் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சை அடித்திருப்பார்கள். ஸ்பிரிட், சானிடைசர், நெயில்பாலிஷ் ரிமூவர், கண்ணாடி துடைக்கும் திரவம் எது பட்டாலும் அது கரைந்துவிடும். ஒரே தேய்ப்பில் தங்கப் பூ துணியோடு வந்துவிடும். ஈரத் துணியும் வேண்டாம், பூச்சு வெளுத்துப்போகும். தையல் மெஷின் எண்ணெயில் நனைத்த பஞ்சால் அழுத்தாமல் வட்டமாகத் துடைத்தாலே பழுப்பு அழுக்கு வந்துவிடும். பளபளக்கும் நிக்கல் பாகங்களில் துரு இருந்தால் மிக மெல்லிய நான்கு பூஜ்ய (0000) எஃகுப் பஞ்சை எண்ணெயில் தோய்த்துத் தேய்க்கலாம். அது பூக்களின் பக்கமே போகக் கூடாது.

கைச்சக்கரத்தின் நடுவிலுள்ள குமிழைக் கழற்றினால் அதன் பின்னால் ஒரு வாஷர் இருக்கும். வெளிவிளிம்பில் மூன்று காதுகள், உள்விளிம்பில் இரண்டு சிறு பற்கள். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. உள்பற்கள் வெளியே, அதாவது உங்களைப் பார்த்து வளைந்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் குமிழை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் தனியாகச் சுழலும், ஊசி அசையாது. சரியாகப் போட்டும் குமிழ் இறுகுவதற்குள் அதிலுள்ள சின்ன ஸ்குரூ வாஷரின் காதில் முட்டி நின்றுவிட்டால், வாஷரை அரைச் சுற்று திருப்பிப் போட்டால் இறுகும். சின்ன ஸ்குரூவை முதலில் தளர்த்தாமல் குமிழ் கழன்று வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் தலை எளிதில் சிதையும், அளவான ஸ்குரூ டிரைவரையே எடுங்கள்.

இப்போது ஊசி. பழைய ஊசியைப் பார்க்காமலே தூக்கிப் போடுங்கள். புது ஊசியை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்பதில்தான் 'மெஷின் தைக்கவே இல்லை' என்ற புகார்களில் பெரும்பங்கு பிறக்கிறது. மாடலுக்கு மாடல் பக்கம் மாறும். 15-இல் தட்டைப் பக்கம் வலப்புறம், நூல் இடமிருந்து வலமாக நுழையும். 221-இல் நேர் எதிர். மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, கொக்கியின் கூர்முனை ஊசியின் எந்தப் பக்கமாகக் கடக்கிறது என்று பாருங்கள். தட்டைப் பக்கம் அங்கே இருக்க வேண்டும். நீளப் பள்ளம் அதற்கு எதிர்ப்பக்கம். நூல் பள்ளத்தின் பக்கம் நுழைந்து தட்டைப் பக்கம் வெளியேறும். ஊசியை மேலே முட்டும்வரை தள்ளி இறுக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும் தையல் விட்டு விட்டு விழும்.

தையல் விட்டு விழுந்தால் உடனே 'டைமிங் போய்விட்டது' என்று சொல்பவர்கள் உண்டு. இந்த மெஷின்களில் டைமிங், அதாவது கொக்கியும் ஊசியும் சந்திக்கும் நேரம், சும்மா நகராது. யாராவது அவிழ்த்திருந்தால்தான் நகரும். ஊசி சரியென்று உறுதியான பிறகும் சந்தேகம் தீராவிட்டால் இப்படிப் பார்க்கலாம்: ஊசி மிகக் கீழே போய், அங்கிருந்து சுமார் 2 முதல் 2.5 மி.மீ. ஏறும்போது கொக்கிமுனை ஊசியைத் தொட்டும் தொடாமலும் கடக்க வேண்டும். அது கடக்கும் இடம் ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே. அப்படி நடந்தால் டைமிங்கைத் தொடாதீர்கள்.

டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, சரிசெய்வதில் வரிசை முக்கியம், முதலில் பாபின், பிறகுதான் மேல்நூல். பாபின் கேஸின் பக்கத்தில் வளைந்த சிறு தகடு ஒன்று இருக்கும். அதன் அடியில் விபூதி அளவுக்குப் பஞ்சு சேர்ந்தாலே போதும், தகடு தூக்கிக்கொண்டு நூலைப் பிடிக்காது. தடித்த காகிதத்தின் மூலையை அதன் அடியில் நுழைத்து இழுத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி வெளியே வரும். ஸ்குரூவைத் தொட வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். பாபினைப் போட்டு நூலை இழுக்கும்போது, நூல் கேஸின் வெட்டுக்குள் திரும்பி மடங்கித் தகட்டின் அடியில் போக வேண்டும். நேராக வழுக்கிக்கொண்டு வந்தால் பாபினைத் திருப்பிப் போடுங்கள். பிறகு நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். கேஸ் தன் எடைக்கே இறங்கக் கூடாது. கையை ஒரு சொடுக்கு சொடுக்கினால் சில செ.மீ. இறங்கி நிற்க வேண்டும். இறங்காவிட்டாலோ, சரசரவென்று விழுந்தாலோ ஸ்குரூவைக் கால் சுற்றுக்குக் குறைவாகத் திருப்புங்கள். அது மிகச் சிறிய ஸ்குரூ. தரையில் விழுந்தால் கிடைக்காது, கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள்.

மேல் டென்ஷனில் இரண்டு வட்டத் தட்டுகள், உப்பிய பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். கழற்றினால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். வரிசை மறந்துவிட்டால் மாட்டுவது பெரும்பாடு. தட்டுகளுக்கு இடையே துணியை விட்டு உருவினாலே பலநேரம் போதும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கியதும் நடுவிலுள்ள குச்சி தட்டுகளை விலக்குகிறதா என்று பாருங்கள். ஃபுட் மேலே இருக்கும்போதுதான் நூல் கோக்க வேண்டும். இறக்கிவைத்துக் கோத்தால் நூல் தட்டுகளுக்குள் போகாமல் மேலேயே நிற்கும்.

சோதிக்க மேலே சிவப்பு நூலும் கீழே வெள்ளை நூலும் போட்டு, இரட்டையாக மடித்த பருத்தித் துணியில் தையுங்கள். அடியில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் மேல்நூல் தளர்வு. மேலே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல்நூல் இறுக்கம். அடியில் கொத்துக்கொத்தாக நூல் சுருண்டால் எல்லோரும் பாபினைத்தான் பழிப்பார்கள். குற்றவாளி மேலே இருக்கிறது: டென்ஷன் தட்டுக்குள் நூல் போகவில்லை, அல்லது மேலும் கீழும் ஆடும் நூல்தூக்கியின் துளையில் கோக்க விட்டுப்போயிற்று.

நூலையும் சோதியுங்கள். மெஷினோடு டிராயரில் கிடந்த பழைய மரக்கட்டை நூல்கண்டுகள் பார்க்க அழகு. ஓர் அடி நூலை இரண்டு கையால் சுண்டி இழுத்தால் பட்டென்று அறுந்தால் அதைக் காட்சிக்கே வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சட்டைத் துணிக்கு 90/14 ஊசி, மெல்லிய துணிக்கு 70/10, ஜீன்ஸுக்கு 100/16. நூல் நல்லது, டென்ஷனும் சரி, இருந்தும் அறுந்துகொண்டே இருந்தால் ஊசித் தட்டின் துளையை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். முன்பு எப்போதோ உடைந்த ஊசி அங்கே ஒரு பிசிறை விட்டுப் போயிருக்கும். 1000 எண்ணுக்கு மேற்பட்ட மெல்லிய எமரித் தாளைச் சுருட்டித் துளைக்குள் தேய்த்தால் சரியாகிவிடும்.

மிதி மெஷினின் பெல்ட் பொதுவாகச் சுமார் 5 மி.மீ. தடிப்புள்ள உருண்டைத் தோல். புதிதாகப் போடும்போது அளவுக்கு வெட்டி, முனைகளில் துளையிட்டு, கம்பிக் கொக்கியை மாட்டிக் குறடால் நெரியுங்கள். ஒரு வாரத்தில் தோல் நீளும், மறுபடி ஒரு செ.மீ. வெட்டிச் சேர்க்க வேண்டும். அதனால் முதல் தடவையே நெரித்து முடித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். மிக இறுக்கினால் மிதி கனக்கும், தளர்ந்தால் தடித்த தையலில் வழுக்கும். பெல்ட்டில் எண்ணெய் படவே கூடாது. பெடலையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் இரு முனைக்கும் எண்ணெய் விடுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்று சத்தம் வந்தால் அந்தத் தண்டின் மூட்டுதான் தளர்ந்திருக்கிறது.

மிதிக்கப் பழகும்போது நூல் கோக்காதீர்கள். ஃபுட்டைத் தூக்கிவைத்து, குமிழைத் தளர்த்தி, வெறும் சக்கரத்தை மட்டும் ஓட்டிப் பழகுங்கள். பெரும்பாலான மெஷின்களில் கைச்சக்கரத்தின் மேல்பகுதி உங்களை நோக்கி வர வேண்டும். வொயிட் கம்பெனியின் ரோட்டரி போன்ற சிலவற்றில் எதிர்ப்பக்கம். நூல் கோத்தபின் சக்கரம் தப்பான பக்கம் ஒரு சுற்றுப் போனாலும் கொக்கிக்குள் நூல் சிக்கிவிடும். கை சக்கரத்தைத் தள்ளிக் கொடுக்க, கால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் கால் பழகிவிடும்.

மோட்டார் வைத்த மெஷினை அப்படியே பிளக்கில் சொருகாதீர்கள். முதலில் தகட்டில் எழுதிய வோல்ட்டைப் படியுங்கள். 110 வோல்ட் மோட்டாரை 230-இல் சொருகினால் அதன் கதை அன்றோடு முடியும். அடுத்து ஒயரை வளைத்துப் பாருங்கள். ரப்பர் உறை விரிசல் விட்டாலோ பொடியாக உதிர்ந்தாலோ முழுதும் மாற்ற வேண்டும், டேப் சுற்றி ஓட்டுவது ஆபத்து. கால் கன்ட்ரோலருக்குள் ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்த பழைய கண்டென்சர் கெட்டிருந்தால், காலை வைக்காமலே மோட்டார் ஓடும், புகையும் வரலாம். மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்து அதை நீக்கச் சொல்லுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், தூணில் மோட்டார் மாட்டும் மேடு உள்ள 15, 66, 99, 201 வகைகளில் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கைப்பிடி பொருத்தலாம். கைச்சக்கரம் மட்டும் ஆரக்கால் உள்ளதாக இருக்க வேண்டும். ஆரங்களுக்கு இடையில்தான் கைப்பிடியின் விரல் நுழைந்து சுழற்றும்.

தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூலையும் 10 செ.மீ. அளவு ஃபுட்டுக்குப் பின்னால் இழுத்து, முதல் மூன்று தையல்வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புது மெஷினில் பழகியவர்கள் இதை மறப்பார்கள், அடியில் பறவைக்கூடு கட்டும். முடிக்கும்போது நூல்தூக்கி உச்சியில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் துணியை இழுத்ததும் ஊசியிலிருந்து நூல் உருவிவிடும். தையல் நீளத்தைக் காட்டும் தகட்டில் 6 முதல் 30 வரை எண் இருந்தால் அது ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்ற கணக்கு. எண் கூடக்கூடத் தையல் சிறிதாகும். 10 என்றால் சுமார் 2.5 மி.மீ., 12 என்றால் சுமார் 2 மி.மீ. 127 போன்றவற்றில் பின்தையல் கிடையாது. ஓரத்துக்கு வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி, ஃபுட்டைத் தூக்கி, துணியை அரைவட்டம் திருப்பி, வந்த வழியே நாலு தையல் போட்டால் உறுதியாகிவிடும்.

இந்த மெஷின்கள் நேர்த்தையலில் ராஜா. ஜீன்ஸின் மடிப்பு மேல் மடிப்பு வரும் இடத்தில் மிதிப்பதை நிறுத்தி, கையால் சக்கரத்தைச் சுற்றிக் கடந்தால் ஊசி உடையாது. ஆனால் டி-ஷர்ட் போன்ற இழுவைத் துணிக்கு இவற்றிடம் போகாதீர்கள். நேர்த்தையல் நீளாது, முதல் முறை அணியும்போதே நூல் பட்டென்று போகும். பட்டன் ஓட்டைக்குத் தனியாக மாட்டும் சாதனம் உண்டு. அது ஊசிக்குப் பதிலாகத் துணியை இடமும் வலமும் ஆட்டித் தைக்கும். மாட்டுமுன் அடியில் துணியை நகர்த்தும் பற்களை அதற்கான தகட்டால் மூட வேண்டும். மூட மறந்தால் சாதனமும் பல்லும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துத் துணியைக் கிழிக்கும்.

வேலை முடிந்ததும் கொக்கியின் பாதையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஊசிக்கு அடியில் ஒரு பழைய பருத்தித் துணியை வைத்து ஃபுட்டை இறக்கி விடுங்கள். ஊசிக்கம்பி வழியாக இரவெல்லாம் இறங்கும் எண்ணெயை அந்தத் துணி வாங்கிக்கொள்ளும். அடுத்த முறை உட்காரும்போது நல்ல துணியை எடுக்காமல் அதே துணியிலேயே முதல் நாலு வரி தையுங்கள். நூல் முதலில் கறுப்பாக வரும், பிறகு சாம்பல் நிறமாகும். சுத்தமான நூலாக வரும்வரை தைத்துவிட்டு, அப்புறம் நல்ல துணியை எடுக்கலாம்.